அடித்தார் என்று மட்டும் எழுதினால் போதுமா?

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் எழுதப்படும் செவிலியர் குறிப்பு பல நேரம் இப்படித்தான் இருக்கும்: காலையில் குளிக்க வைக்கும்போது ஒத்துழைக்கவில்லை, உதவியாளரின் கையைத் தட்டிவிட்டார், சத்தம் போட்டார். பார்க்க வரும் மருத்துவர் அதற்கு இரண்டே சொற்கள் எழுதுகிறார்: டிமென்ஷியா (மறதிநோய்), அஜிடேஷன் (கொந்தளிப்பு). சில நாள்களில் அந்தச் சார்ட் சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ ஒரு கணினித் திரையில் திறக்கிறது. மெடிக்கல் கோடராக வேலை பார்க்கும் ஓர் இளைஞர் அதற்கு எஃப் 03.911 என்ற குறியீட்டைப் போடுகிறார். விதிப்படி அவர் செய்தது சரி. ஆனால், அந்த முதியவர் ஏன் கையைத் தட்டிவிட்டார் என்பது செவிலியர் குறிப்பில் இல்லை, மருத்துவர் குறிப்பில் இல்லை, குறியீட்டிலும் இல்லை. தோளைத் தூக்கும்போது வலித்ததா, தண்ணீர் சில்லிட்டதா, முன்பின் தெரியாத ஒருவர் உடையைக் கழற்ற வந்ததாக அவருக்குத் தோன்றியதா என்று யாரும் கேட்டதாகவே பதிவு இல்லை. மறதிநோயில் வரும் கொந்தளிப்பைப் பற்றி எழுதும்போது, நடந்தது என்ன, எப்போது நடந்தது, காரணம் தேடிப்பார்த்ததில் என்ன தெரிந்தது என்ற மூன்றும் இல்லாத குறிப்பை மருத்துவக் குறிப்பாகவே ஏற்கக் கூடாது என்பது என் வாதம். அப்படிப்பட்ட குறிப்பின் மேல் எவ்வளவு நுட்பமான குறியீட்டை வைத்தாலும் நோயாளிக்குப் பயன் இல்லை. பல நேரம் அது அவருக்குத் தீங்காகவே முடிகிறது.

குறியீட்டின் அமைப்பை முதலில் பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டை அமெரிக்கா தன் தேவைக்கேற்ப விரித்து, ஐசிடி-10-சிஎம் என்ற பெயரில் பயன்படுத்துகிறது. 2022 செப்டம்பர் வரை அதில் மறதிநோய்க்கு இரண்டு நிலைகள்தான்: நடத்தை மாற்றம் உண்டு, இல்லை. ஓயாமல் நடப்பவர், இரவெல்லாம் விழித்திருப்பவர், கைநீட்டுபவர் எல்லாரும் ஒரே எண்ணுக்குள் அடைபட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நிலைமை மாறியது. நோயின் தீவிரம் லேசானது, நடுத்தரம், கடுமையானது, குறிப்பிடப்படாதது என்று நான்காகப் பிரிந்தது. ஒவ்வொன்றின் கீழும் கொந்தளிப்பு, பிற நடத்தை மாற்றங்கள், மாயத்தோற்றம் போன்ற உளப்பிறழ்வு, மனநிலை மாற்றம், பதற்றம் என்று கிளைகள் வந்தன. ரத்தக் குழாய் பாதிப்பால் வரும் மறதிநோய்க்கு எஃப் 01, அல்சைமர் போன்ற வேறொரு நோயின் பகுதியாக வருவதற்கு எஃப் 02, காரணம் சொல்லப்படாததற்கு எஃப் 03. அல்சைமர் என்றால் ஜி 30 வரிசையில் அந்த நோயை முதலில் குறித்த பிறகுதான் எஃப் 02-க்கு வர வேண்டும். இது வரவேற்க வேண்டிய மாற்றம், சந்தேகம் இல்லை. எத்தனை பேர் பயத்தில் தவிக்கிறார்கள், எத்தனை பேர் சோர்ந்து கிடக்கிறார்கள், எத்தனை பேர் கொந்தளிக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க ஒரு நாட்டுக்கு இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது.

ஆனால், கொந்தளிப்பு என்ற அந்த ஒரு கிளைக்குள் எவையெல்லாம் சேர்கின்றன என்று பாருங்கள். நிலைகொள்ளாமை, உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடுவது, ஓயாத நடை, வாசலைத் தேடி வெளியேறப் பார்ப்பது, வசைச்சொல், கத்தல், மிரட்டல், கோபம், தாக்குதல் என எல்லாமே அதற்குள் அடக்கம். வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவருகே அமைதியாக நிற்கும் மூதாட்டிக்கும், சாப்பாட்டுத் தட்டை எறியும் முதியவருக்கும் ஒரே எண். முன்னவருக்குத் தேவை பேச்சுத்துணையும் சிறு நடையும். பின்னவருக்குப் பல்வலியாக இருக்கலாம். இந்த இருவரையும் வேறுபடுத்திக் காட்டும் சக்தி குறியீட்டுக்குக் கிடையாது. குறிப்பில் உள்ள வாக்கியங்களால் மட்டுமே அது முடியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒரு பொதுவிதியில் இருக்கிறது. குறியீட்டின் தலைப்பே இரண்டு நிலைமைகளைச் சேர்த்துச் சொன்னால், அந்த இரண்டும் நோயாளியின் குறிப்பில் இருக்கும்போது ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு என்றே கோடர் எடுத்துக்கொள்ள வேண்டும். தொடர்பில்லை என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருந்தால்தான் விலக்கு. நீரிழிவும் சிறுநீரகப் பாதிப்பும் ஒரே குறிப்பில் இருந்தால் இரண்டையும் இணைப்பது நியாயம், உடலியல் அப்படித்தான் சொல்கிறது. அதே விதி மறதிநோய்க்கும் கொந்தளிப்புக்கும் பொருந்தும்போது விளைவு வேறாகிவிடுகிறது. மருத்துவர் எதுவும் யோசிக்காமல், எதையும் தேடாமல், இரண்டு சொற்களை அடுத்தடுத்து எழுதிவிட்டால் போதும், கொந்தளிப்புக்குக் காரணம் மறதிநோய்தான் என்று பதிவாகிவிடும். காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, இது சிறுநீர்த் தொற்றால் வந்தது என்று எழுதும் மருத்துவர்தான் கூடுதலாக உழைக்க வேண்டும். தேடாதவருக்கு வழி திறந்தே கிடக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோயறிதலை மருத்துவரோ, சிகிச்சைப் பொறுப்பு உள்ள அவருக்கு இணையானவரோ எழுதியிருந்தால்தான் கோடர் அதை எடுத்துக்கொள்ள முடியும். சில விலக்குகள் உண்டு. படுக்கைப்புண் எந்த நிலையில் இருக்கிறது, உடல் எடைக் குறியீடு எவ்வளவு என்பவற்றைச் செவிலியர் குறிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நடத்தைக்கு அந்தச் சலுகை இல்லை. புண்ணின் ஆழத்தைச் சொல்லத் தகுதியான செவிலியர், அந்தப் புண்ணோடு திரும்பிப் படுக்க வைக்கும்போது நோயாளி ஏன் கத்தினார் என்று விரிவாக எழுதினாலும் அது குறியீட்டுக்குள் வராது. இரவும் பகலும் கூடவே இருந்து பார்ப்பவரின் அறிவு, ஐந்து நிமிடம் வந்து போகும் மருத்துவரின் பேனா வழியாக மட்டுமே பதிவாக வேண்டும் என்ற நிலை இது.

கொந்தளிப்புக்கு மறதிநோயே காரணம் என்று முடிவுகட்டுவது எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு வலுவான சான்று நார்வேயிலிருந்து வந்தது. பெட்டினா ஹூசெபோவும் அவருடைய குழுவினரும் 18 முதியோர் இல்லங்களில் நடத்திய ஆய்வு 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. நடுத்தரமும் கடுமையுமான மறதிநோயோடு நடத்தை மாற்றமும் இருந்த 352 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம் படிப்படியான வலி சிகிச்சை தரப்பட்டது. பெரும்பாலோருக்குக் கிடைத்தது சாதாரண பாராசிட்டமால். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். எட்டு வாரத்தின் முடிவில், வலி சிகிச்சை பெற்றவர்களிடம் கொந்தளிப்பு 17 சதவீதம் குறைவாக இருந்தது. சிகிச்சையை நிறுத்தியதும் அது மறுபடி ஏறியது. இவர்கள் எல்லாருமே ‘நடத்தை மாற்றம் உள்ள மறதிநோயாளிகள்’ என்று முத்திரை பெற்றவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வலிக்கிறது என்று சொல்லும் மொழியை இழந்தவர்கள் கையால், காலால், குரலால் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தச் சேதி நோயறிகுறி என்ற தலைப்பின் கீழ்ப் பதிவானது.

வலி மட்டுமல்ல. பல நாள் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, நீரிழப்பு, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை, தொலைந்துபோன மூக்குக்கண்ணாடி, பேட்டரி தீர்ந்த காது கேட்கும் கருவி என எதுவும் ஒரு முதியவரைக் கொந்தளிக்கச் செய்யலாம். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று திடீரென்று நிலைகொள்ளாமல் தவித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பத்தை. அதற்கு எஃப் 05 என்று தனிக் குறியீடு இருக்கிறது, அதைத் தூண்டிய உடல்நோயை முன்னால் குறிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அது அவசரச் சிகிச்சைக்குரிய நிலை, கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. மாற்றம் எப்போது தொடங்கியது என்ற ஒரே ஒரு வரி குறிப்பில் இல்லாததால், டெலிரியம் பழைய மறதிநோயின் கணக்கில் எழுதப்படும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

காரணம் எழுதப்படாத இடத்தில் மருந்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. உளப்பிறழ்வுக்குத் தரும் மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. 17 மருந்துச் சோதனைகளை ஆராய்ந்ததில், இந்த மருந்துகளைப் பெற்றவர்களிடம் இறப்பு 1.6 முதல் 1.7 மடங்கு வரை அதிகமாக இருந்தது. சுமார் பத்து வாரம் நடக்கும் ஒரு சோதனையில் மருந்து பெற்றவர்களில் 4.5 சதவீதம் பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2.6 சதவீதம் பேர். பெரும்பாலும் இதயக் கோளாறும் நிமோனியாவும்தான் காரணம். மருந்து உறையில் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடப்படும் அந்த எச்சரிக்கை, 2008இல் பழைய தலைமுறை மருந்துகளுக்கும் விரிந்தது. 421 அல்சைமர் நோயாளிகளிடம் மூன்று மருந்துகளைச் சோதித்து 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு, கிடைக்கும் நன்மையைப் பக்கவிளைவுகள் தின்றுவிடுகின்றன என்று முடித்தது. 2023 மே மாதம் அல்சைமர் மறதிநோயில் வரும் கொந்தளிப்புக்கென்றே பிரெக்ஸ்பிப்ரசோல் என்ற மருந்துக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது. அதன் உறையிலும் அதே கறுப்புக் கட்டம் இருக்கிறது. கொந்தளிப்புக்கென்று தனிக் குறியீடு பிறந்த ஓராண்டுக்குள் அதற்கென்று தனி மருந்தும் வந்துவிட்டது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், எண் இருக்கிறது, அந்த எண்ணுக்கு மருந்தும் இருக்கிறது என்றாகிவிட்டால், இடையில் நின்று ஏன் என்று கேட்க வேண்டிய பொறுப்பு குறிப்பு எழுதுபவரின் மேல் முன்னைவிடக் கனமாக விழுகிறது.

குறியீடு என்பது பில் போடுவதற்கான வெறும் எண், அதைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவர்கள் அமெரிக்க முதியோர் இல்லங்களின் அண்மை வரலாற்றைப் பார்க்க வேண்டும். முதியவர்களை மருந்தால் அடக்கி வைக்கும் வழக்கத்தைக் குறைக்க, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் நிர்வாகம் 2012இல் தேசிய அளவில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. ஒவ்வோர் இல்லத்திலும் நீண்டகாலமாகத் தங்கியிருப்பவர்களில் எத்தனை பேர் உளப்பிறழ்வு மருந்து பெறுகிறார்கள் என்ற விகிதம் பொதுவெளியில் வெளியானது. 2011இன் இறுதியில் 23.9 சதவீதமாக இருந்த அந்த விகிதம் பத்தாண்டுக்குள் 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பெரிய வெற்றிதான். ஆனால், அந்தக் கணக்கில் மூன்று நோய்களுக்கு விலக்கு இருந்தது: ஸ்கிசோஃப்ரினியா, ஹன்டிங்டன் நோய், டூரெட் நோய்க்குறி. இந்த நோய் இருப்பவருக்கு மருந்து தந்தால் அது கணக்கில் சேராது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2021 செப்டம்பரில் வெளியிட்ட புலனாய்வின்படி, இல்லவாசிகளில் ஒன்பதில் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று பதிவாகியிருந்தது. பொதுமக்களில் அந்த நோய் ஏறத்தாழ 150 பேரில் ஒருவருக்குத்தான் உண்டு. அதுவும் இளம் வயதில் தொடங்கும் நோய், எண்பது வயதில் புதிதாக முளைப்பது அபூர்வம். அரசின் கண்காணிப்பு அலுவலகம் 2022 நவம்பரில் தந்த அறிக்கை இதை உறுதி செய்தது. ஸ்கிசோஃப்ரினியா என்று இல்லம் பதிவு செய்திருக்கிறது, ஆனால் மெடிகேர் சிகிச்சைக் கணக்கில் அதற்கான தடயமே இல்லை என்ற நிலையில் இருந்தவர்களின் எண்ணிக்கை, 2015க்கும் 2019க்கும் இடையே 194 சதவீதம் கூடியிருந்தது. 2023 ஜனவரியில் மெடிகேர் நிர்வாகம் இந்தப் பதிவுகளை நேரடியாகத் தணிக்கை செய்யத் தொடங்கியது. தவறு கண்டுபிடிக்கப்பட்ட இல்லத்தின் தர மதிப்பீடு ஆறு மாதத்துக்கு ஒற்றை நட்சத்திரமாக இறங்கும் என்றும் அறிவித்தது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது மோசடி மட்டுமல்ல. தணிக்கைக்காரர்கள் கடைசியில் எதைத் தேடினார்கள் என்று பாருங்கள். இந்த நோய் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம், எப்போது தொடங்கியது, யார் பரிசோதித்தார், வேறு காரணங்களை ஒதுக்கினாரா என்ற விவரங்களைத்தான் தேடினார்கள். குறியீட்டின் உண்மையைச் சோதிக்க இன்னொரு குறியீடு உதவாது, எழுதப்பட்ட விவரணை மட்டுமே உதவும். மெடிகேர் அட்வான்டேஜ் காப்பீட்டுத் திட்டங்களுக்கு அரசு தரும் தொகையைக் கணக்கிடும்போது 2020 முதல் மறதிநோயும் சேர்க்கப்படுகிறது. ஆக, நோய் இருக்கிறது என்று பதிவதில் பண ஆர்வமும் உண்டு. அதன் கொந்தளிப்புக்குக் காரணம் பல்வலி என்று எழுதுவதற்கு எந்தக் கட்டணமும் கிடையாது. பணம் இழுக்காத பக்கத்தை நெறிதான் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் நல்ல குறிப்பு எப்படி இருக்கும்? இந்த நோயின் வரலாறே அதற்கு விடை சொல்கிறது. 1901 நவம்பரில் ஃபிராங்ஃபர்ட் மனநோய் மருத்துவமனையில் 51 வயது ஆகுஸ்ட என்ற பெண் சேர்க்கப்பட்டார். அலோயிஸ் அல்சைமர் அவரிடம் பேசியதைக் கேள்வியும் பதிலுமாக எழுதி வைத்தார். மதியச் சாப்பாட்டில் அவர் காலிஃபிளவரும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் கீரை என்கிறார், இதுகூட அந்தக் குறிப்பில் இருக்கிறது. தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட அந்தக் கோப்பு 1995 டிசம்பரில் அதே ஊரில் கிடைத்தபோது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் மருத்துவர்களால் அந்த நோயாளியை அடையாளம் காண முடிந்தது. காரணம், அல்சைமர் தன் முடிவை மட்டும் எழுதாமல் தான் பார்த்ததை எழுதியிருந்தார். ‘குழப்பம்’ என்று ஒற்றைச் சொல்லோடு அவர் நிறுத்தியிருந்தால் அந்தக் கோப்பு கிடைத்தும் பயன் இருந்திருக்காது.

கொந்தளிப்புக்கும் அதே ஒழுங்கு வேண்டும். ‘ஆக்ரோஷமாக இருந்தார்’ என்பது முடிவு. ‘காலை ஏழு மணிக்கு வலது கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்றும்போது முகம் சுளித்தார், கையை இழுத்துக்கொண்டார், உதவியாளரைத் தள்ளினார், கையை விட்டதும் அடங்கினார், மாலையில் இடது பக்கமிருந்து கழற்றியபோது எதிர்ப்பு இல்லை’ என்பது பார்த்தது. இரண்டாவதைப் படிக்கும் எந்த மருத்துவரும் வலது தோளைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டார். இதற்கான கருவிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. கோஹன்-மான்ஸ்ஃபீல்ட் பட்டியல் 29 நடத்தைகளை, எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்ற அளவோடு குறிக்கச் சொல்கிறது. சொல்ல முடியாதவரின் வலியை அறிய 2003இல் வெளியான பெய்னாட் அளவுகோலில் மூச்சு, குரல், முகம், உடல்மொழி, ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்ற ஐந்தைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். பயிற்சி பெற்ற உதவியாளருக்கு ஐந்து நிமிடம் போதும். அமெரிக்க இல்லங்கள் ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட கால இடைவெளியில் நிரப்பும் எம்டிஎஸ் படிவத்தில் நடத்தைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கடந்த ஏழு நாளில் பிறரைத் தாக்கியது எத்தனை நாள், வாயால் மிரட்டியது எத்தனை நாள், பராமரிப்பை மறுத்தது எத்தனை நாள் என்று அது கேட்கிறது. தகவல் இல்லாமல் இல்லை. அந்தத் தகவல் மருத்துவரின் குறிப்புக்கு வந்து சேர்வதில்லை என்பதுதான் குறை.

இதற்கு வரும் முதல் மறுப்பு நேரம். ஏற்கெனவே மருத்துவர்கள் நோயாளியைப் பார்ப்பதைவிடத் திரையைப் பார்க்கும் நேரமே அதிகம், இன்னும் எழுதச் சொல்கிறீர்களா என்பார்கள். இந்த மனக்குறை நியாயமானது, தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் நான் கேட்பது நீளமான குறிப்பை அல்ல. மின்பதிவுகளில் இன்று இருக்கும் பக்கக்கணக்கான குறிப்புகளில் பெரும்பகுதி முந்தைய வருகையிலிருந்து நகலெடுத்து ஒட்டியவை. அவற்றை வெட்டிவிட்டு, நடந்தது, நடந்த நேரம், சோதித்துப் பார்த்த காரணங்கள், எடுத்த நடவடிக்கை, அடுத்து எப்போது பார்ப்பது என்று ஐந்து வரி எழுதினால் குறிப்பு சுருங்கத்தான் செய்யும். உதவியாளர் சொன்னதை மருத்துவர் தன் குறிப்பில் எடுத்தாண்டு, ஏற்கிறேன் என்று எழுதினாலே கோடருக்கும் போதும், அடுத்து வரும் மருத்துவருக்கும் போதும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. கொந்தளிப்பு என்று எழுதிவிட்டால் அந்தப் பெயர் அவரைவிட்டுப் போகாது, இன்னோர் இல்லம் அவரைச் சேர்க்கத் தயங்கும், அதனால் எழுதாமல் விடுவதே கருணை என்று நினைக்கும் மருத்துவர்களும் குடும்பங்களும் உண்டு. பயம் பொய்யல்ல. தாக்குபவர் என்ற பெயர் உள்ளவரை ஏற்க எந்த இல்லமும் யோசிக்கும். ஆனால் மறைப்பதால் என்ன நடக்கிறது? புதிய இல்லத்தின் உதவியாளர் எச்சரிக்கை இல்லாமல் அடிபடுகிறார், முதியவர் மறுநாளே ஆம்புலன்ஸில் அவசரப் பிரிவுக்குப் போகிறார், அங்கே தெரியாத முகங்களுக்கு நடுவே கொந்தளிப்பு இரட்டிப்பாகிறது. முத்திரையாக ஒட்டிக்கொள்வது காரணமும் தேதியும் இல்லாத சொல்தான். மார்ச்சில் சிறுநீர் அடைப்பின்போது நான்கு நாள் இருந்தது, குழாய் போட்டபின் இல்லை என்று எழுதினால் அது முத்திரை ஆகாது, வரலாறு ஆகும். சேர்க்கத் தயங்கும் இல்லத்துக்கும் அந்த வரி நம்பிக்கை தரும்.

மூன்றாவதாக, எல்லாக் கொந்தளிப்புக்கும் வெளிக்காரணம் இருப்பதில்லையே என்பார்கள். உண்மை. மூளையின் முன்பகுதி சேதமடைந்தால் எந்தத் தூண்டுதலும் இல்லாமலே கட்டுப்பாடு குலையலாம். லூயி பாடி மறதிநோயில் அச்சமூட்டும் உருவங்கள் கண்முன் தெரியலாம். மற்றவர்களுக்கோ தனக்கோ ஆபத்து வரும் நிலையில் மருந்து தவிர்க்க முடியாததாகலாம். ஐரோப்பாவில் ரிஸ்பெரிடோன் என்ற உளப்பிறழ்வு மருந்துக்கு, அல்சைமர் நோயில் தொடரும் ஆக்ரோஷத்துக்குக் குறுகிய காலம், ஆறு வாரம் வரை, அனுமதி இருக்கிறது. மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. வலியைப் பார்த்தோம், தொற்றைப் பார்த்தோம், மாத்திரைகளை அலசினோம், சூழலை மாற்றினோம், பயன் இல்லை, எனவே இந்த அளவில் தொடங்குகிறோம், இத்தனை வாரத்தில் நிறுத்திப் பார்ப்போம் என்று எழுதப்பட்ட மருந்துச்சீட்டை நான் முழுமனதோடு ஏற்பேன். நிறுத்தும் நாள் எழுதப்படாத மருந்து ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. லூயி பாடி நோயாளிக்கு இந்த மருந்துகளில் சில உயிருக்கே ஆபத்தானவை என்பதால், எந்த வகை மறதிநோய் என்பது குறிப்பில் இல்லாமல் எஃப் 03 என்ற பொத்தாம் பொதுவான எண்ணோடு மருந்து தொடங்குவது இன்னும் பெரிய தவறு.

இங்கே நம் ஊர் கோடர்களிடம் வருகிறேன். செவிலியம், மருந்தியல், உயிரியல், இயன்முறை மருத்துவம் படித்த ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்ற இலக்கும், தொண்ணூற்றைந்து சதவீதத் துல்லியம் என்ற ஆடிட்டும் அவர்கள் தலைமேல் நிற்கின்றன. எழுதாததைக் கோடு செய்யக் கூடாது, ஊகிக்கக் கூடாது என்பது அவர்கள் முதலில் கற்கும் பாடம். அந்தப் பாடம் சரியானது, அதை மீறச் சொல்ல மாட்டேன். ஆனால், குறிப்பு தெளிவாக இல்லாதபோது மருத்துவருக்குக் க்வெரி அனுப்பும் வழி இருக்கிறது. மருத்துவரை ஒரு பதிலை நோக்கித் தள்ளக் கூடாது, பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது, சாத்தியங்களை முன்வைத்துக் கேட்க வேண்டும் என்று அதற்கு நெறிமுறையும் இருக்கிறது. செவிலியர் குறிப்பில் மூன்று நாளாகத் திடீர் மாற்றம் என்று இருக்கிறது, சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இருக்கிறது, மருத்துவர் வெறும் அஜிடேஷன் என்று எழுதியிருக்கிறார் என்றால், இதன் காரணத்தைத் தெளிவுபடுத்த முடியுமா என்று கேட்பது கோடரின் உரிமை. இலக்கு துரத்தும்போது அந்தக் க்வெரியை அனுப்ப யாருக்கு நேரம் என்ற கேள்விக்கு நிறுவனங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அனுப்பிய நியாயமான க்வெரிகளையும் கோடரின் உற்பத்திக் கணக்கில் சேர்த்தால் இந்த நிலை மாறும். கணக்குப் போடும் முறையை மாற்றினாலே போதும், கூடுதல் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை.

இந்தப் பேச்சு நமக்கு வெளியூர் விவகாரம் அல்ல. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் அது அதிகம். இவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் மகளோ மருமகளோ மனைவியோ பார்த்துக்கொள்ள வாழ்கிறார்கள். அவர்களுடைய கொந்தளிப்பை எழுதிவைக்க எம்டிஎஸ் படிவமும் இல்லை, கோடரும் இல்லை. ‘ராத்திரியெல்லாம் தூங்கவே இல்ல டாக்டர், அடிக்க வர்றாங்க’ என்று புறநோயாளிப் பிரிவில் ஒருவர் சொல்வதும், சீட்டில் ஒரு தூக்க மாத்திரை எழுதப்படுவதும்தான் முழு ஆவணம். அடுத்த முறை வேறொரு மருத்துவர் பார்க்கும்போது அந்த மாத்திரை எதற்காக என்று யாருக்கும் தெரிவதில்லை.

நம் சட்டம் இதில் ஒரு படி முன்னால் நிற்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 97ஆவது பிரிவு, மனநல மருத்துவ நிலையத்தில் ஒருவரைக் கட்டிவைப்பதென்றால் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்கிறது. எந்த முறையில், என்ன காரணத்துக்காக, எவ்வளவு நேரம் என்பதை உடனே மருத்துவக் குறிப்பில் எழுத வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது. கயிற்றால் கட்டுவதற்கு ஏன் என்று எழுதச் சொல்லும் அதே நியாயம், மாத்திரையால் அடக்குவதற்கும் பொருந்த வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாவது வகைப்பாடு மறதிநோயின் நடத்தை மாற்றங்களை 6டி86 என்ற தனி எண்ணில் வைத்து, கொந்தளிப்பையும் அலைந்து திரிவதையும் கட்டுப்பாடு குலைவதையும் எதிலும் நாட்டமில்லாமையையும் தனித்தனியே பிரிக்கிறது. அமெரிக்கர்களின் பட்டியலைவிட அது தெளிவானது. இந்திய மருத்துவமனைகள் அந்த வகைப்பாட்டுக்கு மாறும்போது, அமெரிக்கா செய்த தவறை நாம் தொடக்கத்திலேயே தவிர்க்கலாம். 6டி86 வரிசையில் எந்த எண்ணைப் பதிந்தாலும், தேடிப்பார்த்த காரணத்துக்கும் மருந்தை நிறுத்திப் பார்க்கும் தேதிக்கும் ஒவ்வொரு வரி நிரப்பாமல் டிஸ்சார்ஜ் சம்மரி நிறைவு பெறாது என்று அரசு மருத்துவமனைகளில் விதித்துவிட வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு வழி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் களப்பணியாளர்கள் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். முதியவர் உள்ள வீட்டில் அவர்கள் இன்னும் நான்கு கேள்வி கேட்கலாம்: இந்த மாதம் கத்தினாரா, அடித்தாரா, வெளியே போகப் பார்த்தாரா? எந்த நேரத்தில்? அதற்கு முன் என்ன நடந்தது? மலம், சிறுநீர், தூக்கம், வலி எப்படி இருந்தன? பதிலைக் குடும்பத்தின் கையில் இருக்கும் நோட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம். அந்த நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் மருமகளிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது, அதில் கடந்த மாதத்துப் பக்கத்தை.